டொக்டரை விழுங்குதல்

"புற்றுநோயை அழிக்கும் நனோ ரோபோ கண்டுபிடிப்பு!" இந்தத் தலைப்பு வருஷத்துக்கு நாலைந்து தரமாவது எங்கட ஃபோனுக்கு வந்து சேருகிறது. கூடவே ஒரு படமும் இருக்கும். செங்குருதிக் கலங்களுக்கு நடுவில், சிலந்தி மாதிரிக் கால்கள் வைத்த வெள்ளி நிறப் பூச்சி ஒன்று, முன்னங்காலில் ஊசியோடு நிற்கும். குடும்ப குறூப்பில் யாராவது அதைப் போட, கீழே இன்னொருவர் "அப்ப இனிக் கீமோ தேவையில்லை" என்று எழுதுவார்.

அந்தப் படத்திலுள்ள பூச்சி உலகத்தில் எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. ஆனால் செய்தி முழுப்பொய்யும் இல்லை. மருந்தைச் சுமந்துகொண்டு உடம்புக்குள் நகர்கிற, கட்டியைக் கண்டால் மட்டும் திறக்கிற மிகச்சிறிய பொருட்களை மனிதர்கள் உண்மையிலேயே செய்திருக்கிறார்கள். எலியில் அவை வேலையும் செய்திருக்கின்றன. அந்த உண்மைக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று கிடக்கிறது. அந்த வரலாறு தெரியாததால்தான் ஒரு நல்ல ஆய்வுச் செய்தி ஆபத்தான செய்தியாக மாறுகிறது. சிகிச்சைக்குப் பயந்துபோயிருக்கிற ஒருவர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்று நாளைத் தள்ளிப்போட அந்த ஒரு வரி காணும்.

இந்த வரலாற்றை வாசித்துக்கொண்டு போனால் ஒன்று விளங்கும். சின்னதாகச் செய்வது எப்போதோ முடிந்துவிட்டது. உரிய இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் இன்னும் முடியவில்லை.

சாயம் சொன்ன யோசனை

கதை ரோபோவில் தொடங்கவில்லை, துணிக்குப் போடுகிற சாயத்தில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேர்மனியின் இரசாயனத் தொழிற்சாலைகள் புதுப்புதுச் செயற்கைச் சாயங்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தன. போல் ஏர்லிக் என்ற மருத்துவர் அவற்றை உயிரினங்களின் இழையங்களில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு இடத்தில்தான் ஒட்டியது. மெதிலீன் நீலம் நரம்புகளைத் தேடிப்போய் நீலமாக்கியது, பக்கத்திலிருந்த மற்ற இழையங்களை விட்டுவிட்டது.

இதிலிருந்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சாயத்துக்குத் தன் இடத்தைத் தெரிந்தெடுக்க முடியுமென்றால், ஒரு நஞ்சுக்கும் அதைச் செய்ய முடியவேண்டும். நோயை உண்டாக்குகிற கிருமியில் மட்டும் ஒட்டி, அதை மட்டும் கொல்கிற மருந்து. அதற்கு அவர் வைத்த பெயர் 'மந்திரக் குண்டு'. சுட்டால் வழியிலிருக்கிற ஒருவரையும் தொடாமல் இலக்கை மட்டும் போய் அடிக்கும் குண்டு.

1909இல் ஏர்லிக்கின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த யப்பானியரான சகாச்சிரோ ஹாட்டா, ஆசனிக் கலந்த சேர்வைகளை ஒன்றொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தார். 606 என்ற இலக்கம் கொண்ட சேர்வை சிபிலிசு நோயின் கிருமியை அழித்தது. அடுத்த வருஷம் அது 'சல்வர்சான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பக்கவிளைவுகள் நிறைய இருந்தன. ஆனாலும் குறிவைத்துச் சுடலாம் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது.

புற்றுநோயில் அந்த நம்பிக்கை முட்டுப்பட்டு நின்றது. பற்றீரியா வெளியாள், அதன் உடலமைப்பு வேறு. புற்றுநோய்க் கலமோ எங்கட சொந்தக் கலம். கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது என்பதைத் தவிர, பக்கத்து நல்ல கலத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வெளியே தெரியாது. சாயம் ஒட்டுவதற்குத் தனி இடம் எங்கே?

நஞ்சு கிடைத்தது, விலாசம் கிடைக்கவில்லை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், அல்ஃபிரட் கில்மன் என்ற இருவர் இரசாயன ஆயுதங்களை இரகசியமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடுகு வாயுவின் உறவுக்காரச் சேர்வையான நைதரசன் மஸ்ரட், வெண்குருதிக் கலங்களைக் கடுமையாகக் குறைப்பதைக் கண்டார்கள். அப்படியென்றால் வெண்குருதிக் கலங்களில் வருகிற புற்றுநோயையும் அது குறைக்குமா? 1942இல் நிணநீர்ப் புற்றுநோய் முற்றிப்போன ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் கரைந்தன. பிறகு திரும்பி வந்தன. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். ஆனால் ஊசியால் ஏற்றுகிற ஒரு மருந்து புற்றுநோயைப் பின்வாங்க வைக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷம், 1943 டிசம்பர் 2ஆம் திகதி, இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற ஜோன் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்து நஞ்சு கடலில் பரவியது. ஏன் இத்தனை பேர் இப்படிச் சாகிறார்கள் என்று விசாரிக்கப் போன இராணுவ மருத்துவர் ஸ்ருவர்ட் அலெக்சாண்டரும் அதே அடையாளத்தைக் கண்டார்: வெண்குருதிக் கலங்கள் விழுந்துகொண்டிருந்தன. கீமோதெரபி என்று இன்றைக்கு நாங்கள் சொல்கிற சிகிச்சையின் ஒரு வேர், போருக்குச் செய்த நஞ்சில் இருக்கிறது.

1947-48 காலத்தில் பொஸ்ரனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு அமினொப்ரெறின் என்ற மருந்தைக் கொடுத்தார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்த நோய் வந்த பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. அந்த மருந்து வந்தது லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பிறகு மருந்துகள் வரிசையாக வந்தன. இந்தக் கதைக்கு முக்கியமானது டொக்ஸோரூபிசின். இத்தாலியின் தென்கிழக்கில் காஸ்ரல் டெல் மொன்ரே என்ற பழைய கோட்டை இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு பற்றீரியா சிவப்பு நிறப் பொருளொன்றைச் சுரந்தது. அந்த வழியில் பிறந்த மருந்துதான் இது. பக்கத்திலுள்ள ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் 'ஏட்ரியாமைசின்' என்றும் சொல்வார்கள். இன்றைக்கும் பல புற்றுநோய்களுக்கு இது ஒரு முக்கிய மருந்து.

ஆனால் இந்த மருந்துகள் ஒன்றுக்கும் விலாசம் தெரியாது. இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. வேகமாகப் பிரிந்து பெருகுகிற கலங்களைப் பார்த்து அடிக்கின்றன. புற்றுநோய்க் கலம் வேகமாகப் பெருகும், உண்மை. மயிரின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மச்சை என்பனவும் வேகமாகப் பெருகுகின்றன. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், சத்தி வருவதும், கிருமித்தொற்று சுலபமாகப் பிடிப்பதும் இதனால்தான். டொக்ஸோரூபிசின் போதாக்குறைக்கு இதயத் தசையையும் பழுதாக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தமாக இவ்வளவுதான் ஏற்றலாம் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கட்டி இன்னும் மிச்சம் இருந்தாலும் கணக்கு முடிந்தால் நிற்பாட்ட வேண்டும்.

இந்தக் கணக்கை எப்படி மீறுவது என்ற கேள்விதான் குட்டி ரோபோவைத் தேட வைத்தது.

ஒரு பகிடியும் ஒரு படமும்

1959 டிசம்பர் 29ஆம் திகதி, கலிஃபோர்னியாவில் அமெரிக்க பௌதிகச் சங்கத்தின் கூட்டமொன்றில் ரிச்சர்ட் ஃபைன்மன் பேசினார். பொருட்களை அணு அளவுக்குக் கிட்டச் சிறிதாக்கலாம், அங்கே நிறைய இடம் இருக்கிறது என்பதுதான் பேச்சின் சாரம். நடுவில் தன் நண்பர் அல்பேட் ஹிப்ஸ் சொன்ன யோசனை ஒன்றையும் சொன்னார். சத்திரசிகிச்சை நிபுணரை விழுங்கிவிட்டால் எப்படி இருக்கும்? குட்டி இயந்திரம் ஒன்றை இரத்தக்குழாயில் விட்டால் அது இதயத்துக்குப் போய், பழுதான வால்வைப் பார்த்து, வெட்டித் திருத்திவிட்டு வரும். பாதி பகிடி, பாதி உண்மை.

அதே பேச்சில் ஒரு பந்தயமும் கட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்குக்குள் அடங்குகிற மின்மோட்டர் செய்பவருக்கு 1000 டொலர். புதுத் தொழில்நுட்பம் ஒன்று பிறந்தால்தான் அது முடியும் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு வருஷத்துக்குள், 1960இல், வில்லியம் மக்லெலன் என்ற பொறியியலாளர் செய்து கொண்டுவந்து காட்டினார். நுணுக்குக்காட்டி, சாவணம் போன்ற சாதாரணக் கருவிகளை வைத்தே செய்திருந்தார். ஃபைன்மன் சொன்ன வாக்குப்படி காசைக் கொடுத்தார். சிறிதாக்குவது அவர் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது.

1966இல் 'ஃபன்ராஸ்ரிக் வொயேஜ்' என்ற ஹொலிவூட் படம் வந்தது. விஞ்ஞானிகளை நீர்மூழ்கிக் கப்பலோடு சேர்த்துச் சுருக்கி, ஒருவரின் இரத்தத்துக்குள் ஊசியால் ஏற்றி, மூளையிலுள்ள இரத்தக்கட்டியை அகற்ற அனுப்புகிற கதை. இன்றைக்கு ஃபோனில் வருகிற வெள்ளிப் பூச்சிக்கு அந்தக் கப்பல்தான் தாத்தா. எல்லாருடைய தலைக்குள்ளும் அது ஒரு படத்தைப் பதித்துவிட்டது: உள்ளே ஓட்டுநர் இருப்பார், முன்னால் கண்ணாடி இருக்கும், பாதை தெரியும், கப்பல் போகும்.

அந்தப் படம் எங்கே பிழைக்கிறது என்று ஒரு பௌதிக விஞ்ஞானி காட்டினார். எட்வேர்ட் பேர்செல் 1976இல் ஒரு விரிவுரையில் பற்றீரியா எப்படி நீந்துகிறது என்று விளக்கினார். எங்களுக்குத் தண்ணீர் தண்ணீர்தான். நீந்துகிற ஒருவர் கை காலை நிற்பாட்டினாலும் கொஞ்சத் தூரம் வழுக்கிப் போவார். பற்றீரியாவின் அளவில் அதே தண்ணீர் தேனைவிடத் தடிப்பாக இருக்கும். நீந்துவதை நிற்பாட்டினால் அது ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்துக்குள் நின்றுவிடும். சிப்பி மாதிரித் திறந்து மூடி முன்னுக்குப் போக அங்கே ஏலாது. திறக்கும்போது போன தூரம் மூடும்போது திரும்பி வந்துவிடும். அதனால்தான் பற்றீரியாக்கள் தங்கள் வாலை ஆணி முறுக்குவது மாதிரிச் சுழற்றுகின்றன. பெரிய கப்பலைச் சுருக்கினால் சின்னக் கப்பல் கிடைக்காது. ஓடாத கப்பல்தான் கிடைக்கும்.

உண்மையில் போய்ச் சேர்ந்தது ஒரு கொழுப்புக் குமிழி

ரோபோக் கனவு சினிமாவில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாப்ரகாம் என்ற இடத்தில் அலெக் பாங்கம் என்பவர் கொழுப்பு மூலக்கூறுகளைத் தண்ணீரில் கலந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். 1960களின் முற்பகுதி அது. கொழுப்பு தானாகவே சுருண்டு, உள்ளே தண்ணீரை அடைத்துக்கொண்ட குட்டிக் குமிழிகளாக மாறியிருந்தது. கலத்தின் மென்சவ்வும் இதே மாதிரிப் பொருளாலானது. பின்னாளில் இவற்றுக்கு லிப்போசோம் என்று பெயர் வந்தது.

1970களில் கிரெகரி கிரெகோரியாடிஸ் போன்றவர்கள் யோசித்தார்கள்: உள்ளே தண்ணீரை அடைக்கலாம் என்றால் மருந்தையும் அடைக்கலாம்தானே? அடைத்தார்கள், ஊசியால் ஏற்றினார்கள். ஈரலிலும் மண்ணீரலிலும் இருக்கிற விழுங்கு கலங்கள் அவற்றைக் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துத் தின்றுவிட்டன. உடம்பைப் பொறுத்தவரை இரத்தத்தில் மிதக்கிற அந்நியக் குமிழி ஒரு கிருமி மாதிரித்தான். மருந்தைச் சுமந்து வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதற்கு வழி கண்டவர்கள் குமிழியின் வெளிப்புறத்தில் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற பொருளை மயிர் மாதிரி நட்டார்கள். அது தண்ணீரை இழுத்துப் போர்த்திக்கொள்ள, விழுங்கு கலங்களுக்கு அடையாளம் காணக் கஷ்டமாகிப்போனது. இஸ்ரேலைச் சேர்ந்த யெகஸ்கேல் பாரன்ஹோல்ஸ், அல்பேர்ட்டோ கபிசோன் ஆகியோரின் நீண்டகால வேலையில், டொக்ஸோரூபிசினை உள்ளே அடைத்த அப்படியான குமிழி ஒன்று உருவானது. பெயர் டொக்சில். அகலம் ஏறக்குறைய 100 நனோமீற்றர். ஒரு செங்குருதிக் கலத்தின் குறுக்கே 70 குமிழிகளை வரிசையாக வைக்கலாம். 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை அங்கீகரித்தது. நனோ மருந்து என்று சொல்லக்கூடிய வகையில் அங்கே அங்கீகாரம் பெற்ற முதலாவது மருந்து இதுதான்.

இதற்கு மோட்டரும் இல்லை, மூளையும் இல்லை. இரத்தம் கொண்டுபோகிற பக்கம் போகும். பிறகு எப்படிக் கட்டியைக் கண்டுபிடிக்கிறது? 1986இல் யப்பானின் யசுகிரோ மட்சுமுரா, ஹிரோஷி மயேதா இருவரும் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்திருந்தார்கள். கட்டி அவசரமாக வளர்வதால் அதற்குள் போகிற இரத்தக்குழாய்களும் அவசரமாகக் கட்டிய வீடு மாதிரி, சுவரெல்லாம் ஓட்டை. நல்ல குழாயால் வெளியேற முடியாத பெரிய துகள்கள் கட்டிக்குள் கசியும். அங்கே கழிவை அகற்றுகிற நிணநீர் வழிகளும் சரியாக இல்லாததால் உள்ளேயே தங்கிவிடும்.

டொக்சிலால் இதயத்துக்கு வருகிற பாதிப்பு நன்றாகக் குறைந்தது. அது பெரிய விஷயம். அதேநேரம் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகிற புதுப் பிரச்சினை கூடியது. குமிழி நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அது தோலிலும் கசிகிறது. நஞ்சு இல்லாமல்போகவில்லை, இடம் மாறியது.

ஆயிரத்தில் ஏழு

டொக்சிலுக்குப் பிறகு நனோ மருந்து ஒரு அலையாகவே எழுந்தது. தங்கம், இரும்பு ஒட்சைட்டு, பிளாஸ்ரிக், கொழுப்பு என்று எல்லாவற்றிலும் துகள் செய்தார்கள். கட்டியில் மட்டும் ஒட்டுகிற மூலக்கூறுகளை அவற்றின் மேல் பொருத்தினார்கள். ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்துகள் விரல் விட்டு எண்ணக்கூடியளவு.

ஏன் என்று 2016இல் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் வொரன் சானும் கூட்டாளிகளும் கணக்குப் பார்த்தார்கள். முந்தைய பத்து வருஷத்தில் வெளியான ஆய்வுகளை எடுத்து, ஏற்றிய துகள்களில் எத்தனை பங்கு கட்டிக்குப் போனது என்று தேடினார்கள். இடைப்பெறுமானம் 0.7 சதவீதம். ஆயிரம் துகள் ஏற்றினால் கட்டிக்குப் போனது ஏழு. மிச்சத்தில் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும். இது எலிகளில் கிடைத்த கணக்கு.

அளந்த முறை சரியில்லை, சாதாரண மருந்தும் கட்டிக்குள் கொஞ்சம்தானே போகிறது என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த எண் பலரை நிற்பாட்டி யோசிக்க வைத்தது. எலியில் ஆய்வுக்காக வளர்க்கிற கட்டி சில கிழமைகளில் வேகமாக வளரும், எலியின் உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியதாகவும் இருக்கும். ஓட்டைக் குழாய்கள் அதில் தாராளமாக இருக்கும். மனிதரில் கட்டி வருஷக்கணக்கில் மெதுவாக வளரலாம். ஓட்டை ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளின் ஒரு கட்டிக்கும் மற்றக் கட்டிக்கும்கூட வேறு. எலியில் திறந்திருந்த வாசல் மனிதரில் பூட்டியிருக்கலாம்.

அதே 2016இல், குறிவைத்துப் போகிற நனோத் துகள்களுக்காகவே தொடங்கிய பைண்ட் தெரபியூட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வங்குரோத்து நிலைக்குப் போனது.

இழுத்துப் போவது, நீந்திப் போவது, பூட்டிப் போவது

இரத்தம் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்றால் நாங்களே கொண்டுபோவோம். இன்றைய 'ரோபோ' ஆய்வுகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வெளியிலிருந்து காந்தத்தால் இழுப்பது. 2007இல் மொன்றியலில் சில்வன் மார்த்தெலின் குழு, உயிரோடிருந்த பன்றியின் கழுத்து நாடிக்குள் 1.5 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு ஒன்றை எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தத்தால் ஓட்டிக் காட்டியது. ஃபைன்மனின் பகிடி முதல்தரம் உடம்புக்குள் அசைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குண்டைவிட மிகச் சிறியவற்றைக் காந்தத்தால் இழுப்பது கடினம். துகள் சிறுக்க, காந்தம் பிடிக்கிற பிடியும் சிறுத்துவிடும்.

ஆகவே மார்த்தெல் இயற்கை ஏற்கெனவே செய்துவைத்திருந்த ஒன்றை எடுத்தார். 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் சேற்றில் ஒருவகைப் பற்றீரியாவைப் பற்றி எழுதியிருந்தார். உடம்புக்குள் காந்தத் துணிக்கைகளைச் சங்கிலியாகக் கோர்த்து, திசையறி கருவி மாதிரிப் பாவித்து நீந்துகின்றவை அவை. மார்த்தெல் எடுத்த வகைக்கு ஒட்சிசன் குறைந்த இடம் பிடிக்கும். கட்டியின் நடுப்பகுதியில் இரத்தம் போய்ச் சேராததால் அங்கே ஒட்சிசன் குறைவு. சாதாரண மருந்து கடைசிவரை போகாத இடமும் அதுதான். ஒவ்வொரு பற்றீரியாவிலும் ஏறக்குறைய 70 லிப்போசோம்களை ஒட்டி, காந்தத்தால் திசைகாட்டி விட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, எலியில் 55 சதவீதம் வரையான பற்றீரியாக்கள் ஒட்சிசன் குறைந்த பகுதிகளுக்குள் நுழைந்தன.

இரண்டாவது வழி, தானாக நீந்துவது. பார்சலோனாவில் சாமுவேல் சன்செசின் குழு செய்த துகள்களில் யூரியேசு என்ற நொதியம் பூசப்பட்டிருக்கிறது. சிறுநீரிலுள்ள யூரியாவை அது உடைக்க, அந்தத் தாக்கமே துகளைத் தள்ளும். கதிரியக்க அயடீனைச் சுமந்த இந்தத் துகள்கள் எலிகளின் சிறுநீர்ப்பைக் கட்டிகளை ஒரே தரத்தில் 90 சதவீதமளவு சிறிதாக்கின என்று 2024இல் எழுதினார்கள். அதே வருஷம் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், பச்சை அல்கா ஒன்றின் மேல் டொக்ஸோரூபிசின் துகள்களை ஒட்டி எலிகளின் நுரையீரலுக்குள் விட்டார்கள். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்த அந்த எலிகள் இடைப்பெறுமானமாக 37 நாள் உயிரோடிருந்தன. சிகிச்சை பெறாதவை 27 நாள்.

மூன்றாவது, சரியான இடத்தில் மட்டும் திறக்கிற பூட்டு. 2006இல் போல் ரொத்மண்ட் டிஎன்ஏ இழையை மடித்து விரும்பிய உருவங்கள் செய்யலாம் என்று காட்டினார். அதை வைத்து 2012இல் ஹார்வர்டில் ஷோன் டக்ளஸ், இடோ பாச்லெட், ஜோர்ஜ் சேர்ச் மூவரும் ஒரு டிஎன்ஏ பெட்டி செய்தார்கள். அதில் இரண்டு பூட்டு. கலத்தின் மேற்பரப்பில் இரண்டு அடையாளங்களும் இருந்தால் மட்டும் பெட்டி திறக்கும். அது ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்த கலங்களில் நடந்தது. 2018இல் சீன விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் ஹாவோ யானும் சேர்ந்து, டிஎன்ஏ தாளொன்றைக் குழாயாகச் சுருட்டி, உள்ளே துரொம்பின் என்ற இரத்தத்தை உறையவைக்கிற புரதத்தை வைத்தார்கள். கட்டியின் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதத்தைக் கண்டால் குழாய் விரியும், இரத்தம் உறையும், கட்டி பட்டினி கிடக்கும். எலிகளில் கட்டி சுருங்கியது.

வாசலில் இறக்கிவிட்டால்

இந்த முடிவுகளை வரிசையாக வைத்து, "ரோபோ எங்கிருந்து புறப்பட்டது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மார்த்தெலின் பற்றீரியாக்கள் கட்டிக்குப் பக்கத்தில் ஊசியால் விடப்பட்டவை. பார்சலோனாவின் துகள்கள் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாக விடப்பட்டவை. சான் டியேகோவின் அல்கா மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போனது. எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து உள்ளே போகிற கடைசிக் கொஞ்சத் தூரத்தை ரோபோ நன்றாகச் செய்தது. 2018இன் டிஎன்ஏ குழாய் மட்டும்தான் இரத்தத்தில் ஏற்றப்பட்டுத் தானாக இடத்தைக் கண்டது. அதற்கும் காரணம் இருக்கிறது. அது இரத்தக்குழாயை விட்டு வெளியேறவே தேவையில்லை. அதன் இலக்கே குழாயின் சுவர்தான்.

இதைச் சின்ன வெற்றி என்று சொல்லக்கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் நேரே விடுகிறார்கள். அங்கே நன்றாக ஊடுருவுகிற துகள் வந்தால் பெரிய உதவி. ஆனால் புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் முதல் கட்டியால் இறப்பதில்லை. அது ஈரல், எலும்பு, மூளை என்று பரவிய பிறகுதான் இறக்கிறார்கள். பரவிய கட்டிகள் பல ஸ்கானிலும் தெரியாத அளவு சின்னவை. காந்தத்தால் ரோபோவை ஓட்ட வேண்டுமென்றால் எங்கே போவது என்று ஓட்டுநருக்குத் தெரியவேண்டும். விலாசம் தெரிந்த கட்டியைப் பல வேளைகளில் சத்திரசிகிச்சையாலும் கதிர்ச் சிகிச்சையாலும் அணுகலாம். விலாசம் தெரியாத கட்டிக்குத்தான் உண்மையில் ரோபோ தேவை.

அந்த விலாசத்தை ஓரளவு கண்டுபிடித்தவை வேறு பெயரில் வந்துவிட்டன. 1975இல் ஜோர்ஜ் கோலர், செசார் மில்ஸ்டைன் இருவரும் ஒரே வகை பிறபொருளெதிரியை வேண்டியளவு உற்பத்தி செய்ய வழி கண்டார்கள். ஏர்லிக்கின் சாயம் செய்த வேலையை இந்தப் புரதம் செய்கிறது, ஒரு குறித்த இலக்கில் மட்டும் ஒட்டுகிறது. 1998இல் ட்ராஸ்ருசுமாப் மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு அங்கீகாரம் பெற்றது. 2013இல் அதே ட்ராஸ்ருசுமாப்பின் முதுகில் ஒரு நஞ்சையும் கட்டி அனுப்புகிற மருந்து வந்தது. 2017இல் நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புக் கலங்களை வெளியே எடுத்து, புற்றுநோய்க் கலத்தை அடையாளம் காணப் பழக்கித் திரும்ப ஏற்றுகிற சிகிச்சை அங்கீகாரம் பெற்றது. தேடும், கண்டுபிடிக்கும், கொல்லும், தேவையென்றால் பெருகும். ரோபோவிடம் எதிர்பார்த்த எல்லாம் அந்தக் கலத்திடம் இருக்கிறது. ஆனால் அதை யாரும் ரோபோ என்று சொல்வதில்லை. வெள்ளிப் பூச்சிப் படமும் போடுவதில்லை.

இன்றைய நிலை இதுதான். காந்தத்தால் ஓடுகிற, நீந்துகிற, டிஎன்ஏ பூட்டுப் போட்ட ரோபோக்களில் எதுவும் எந்த நாட்டிலும் புற்றுநோய்க்கான வழமையான சிகிச்சையாக இல்லை. ஆகவே அடுத்த தரம் அந்தச் செய்தி வரும்போது மூன்று கேள்வி கேட்டால் காணும். எலியிலா, மனிதரிலா? எங்கிருந்து புறப்பட்டது, இரத்தத்திலிருந்தா, வாசலிலிருந்தா? பரவிய நோயில் பார்த்தார்களா, ஒரே ஒரு கட்டியிலா? இந்தக் கேள்விகள் ஆய்வாளரைக் குறைத்துப் பேசுவதற்கல்ல. நல்ல ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையிலேயே இவற்றுக்குப் பதில் எழுதியிருப்பார்கள், தலைப்புப் போடுகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் ஒருவர் இன்றைக்குக் கீமோ எடுக்கிறாரென்றால், பாரி துறைமுகத்திலிருந்து இன்றுவரை திருத்தித் திருத்தி வந்த மருந்து அது. வரப்போகிற ரோபோவுக்காக அதைப் பிற்போடச் சொல்ல இந்த வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை.

போய்ச் சேருவது உடம்புக்குள் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. 2011இல் அமெரிக்காவில் டொக்சில் தட்டுப்பாடானது. அதைத் தயாரித்துக்கொடுத்த தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோனதுதான் காரணம். 100 நனோமீற்றர் குமிழிக்குள் மருந்தை அடைக்கத் தெரிந்த நாட்டில் நோயாளிகள் மருந்துக்குக் காத்திருந்தார்கள். 2012 பெப்ரவரியில் அமெரிக்க அரசு, இந்தியாவின் சன் பார்மா தயாரித்த லிப்போடொக்ஸ் என்ற அதே வகை மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. அடுத்த வருஷம் சன் பார்மாவின் பொதுப்பெயர் மருந்துக்கு முழு அங்கீகாரமும் கொடுத்தது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியின் கைக்கு, கையிலுள்ள நாளத்திலிருந்து கட்டிக்கு என்று மருந்து போகவேண்டிய பாதை நீளமானது. அதில் கடைசித் துண்டைத்தான் குட்டி ரோபோக்கள் குறுக்கப் பார்க்கின்றன.